எண்ணாமல் சொன்ன பத்து

போன மாதம் கல்லூரியிலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு சர்வே லேபில் என் இடத்துக்கு வந்திருப்பவர். கையில் ஒரு பழைய அட்டைப்பெட்டி.

"அண்ணாச்சி, இது ஸ்டோர்ல கெடந்துச்சு. உள்ள பூரா ரோஸ் கலர் சீட்டா இருக்கு. இந்த வருசம் பிள்ளைகளுக்கு மறுபடியும் அந்த வெளையாட்ட வைக்கணும்னு டிபார்ட்மெண்ட்ல பேசுதாங்க. எப்படி வெளையாடணும்னு ஒருத்தருக்கும் தெரியல. நீங்க எழுதிக் குடுத்தா நல்லாருக்கும்" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருந்தாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி மறுநாளே கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பெட்டியில் உள்ள ஒரு சீட்டைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுத முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வயதில் வேலாயுதம் சார் என்ற தனியார் சர்வேயரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் முள் வெட்டினேன், கல் சுமந்தேன். அடுத்த ஆறு மாதம் சங்கிலியின் பின்முனையைப் பிடித்தேன். அதன்பிறகு முன்முனை கைக்கு வந்தது. என் தொழிற்படிப்பு அவ்வளவுதான்.

முன்முனைக்காரன் கையில் பத்துக் கம்பி இருக்கும். முழ நீளம், தலையில் வளையம், வளையத்தில் ஒரு சிவப்புத் துணி. சங்கிலி இருபது மீட்டர். முன்னால் போகிறவன் சங்கிலியை விறைப்பாக இழுத்து, அது முடிகிற இடத்தில் ஒரு கம்பியைக் குத்திவிட்டு மேலே நடப்பான். பின்னால் வருகிறவன் அந்தக் கம்பியில் தன் முனையை வைத்து நிற்பான். அடுத்த கம்பி குத்தியானதும் இதைப் பிடுங்கிக்கொண்டு நடப்பான். எத்தனை சங்கிலி ஆயிற்று என்று யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முன்னால் போகிறவன் கையில் உள்ள மீதியைப் பத்திலிருந்து கழித்தால் போதும். இரண்டு மீதி இருந்தால் எட்டுச் சங்கிலி. ஆனால் தொடங்கும்போது கையில் பத்து இருந்தாக வேண்டும்.

வேலாயுதம் சார் அதிகம் பேசமாட்டார். வெயிலானாலும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சங்கிலியைப் பார்க்காமல் என் கையைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். தொடங்கும் முன் "பத்தா?" என்பார். நான் கம்பிகளை ஒவ்வொன்றாக வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி எண்ணி, "பத்து சார்" என்பேன். அந்தப் பதில் வராமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். வந்துவிட்டால் பிறகு சந்தேகப்படமாட்டார்.

அவரிடம் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். சுந்தரபாண்டியபுரத்தை அடுத்து, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரு நிலத்தைப் பிரித்துக் கல் நடப் போனோம். அண்ணன் சங்கரலிங்கம், தம்பி சுடலைமுத்து. மேற்கே வாய்க்கால் ஓரத்துக் கல்லிலிருந்து எட்டுச் சங்கிலி தூரம் தம்பிக்கு, மிச்சம் அண்ணனுக்கு என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். நிலத்தில் ஒரு கிணறு இருந்தது. எட்டுச் சங்கிலி போட்டால் கிணறு தம்பி பக்கம் வந்துவிடும் என்பது எல்லோருடைய கணக்கும். அதற்கு ஈடாக அண்ணனுக்கு வேறு இடத்தில் நஞ்சை கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள்.

காலையில் நிலத்தின் அகலத்தை அளந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு நீளத்தை அளக்க வாய்க்கால் கல்லுக்கு வந்தபோது ஊரில் பாதி அங்கே நின்றது. அன்று வழக்கமான பின்முனைக்காரருக்குக் காய்ச்சல். ஊர்க்காரர் ஒருவரைக் கூலிக்குப் பிடித்திருந்தோம்.

"பத்தா?" என்றார் சார்.

கூட்டம் என்றால் எனக்குக் காது அடைத்துவிடும். நின்று எண்ணினால் அத்தனை பேரும் அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பத்து சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எண்ணவில்லை.

கையில் இரண்டு கம்பி மீதி இருந்தபோது சார் "நில்லு" என்றார். நான் நின்ற இடத்திலிருந்து கிணறு இன்னும் பத்து மீட்டர் தள்ளி இருந்தது.

சுடலைமுத்து ஓடி வந்தார். "இதெப்படி? கெணறு எம் பக்கம்லா வரணும்! மறுபடி அளங்க."

சார் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் திரும்பினார். "ஏ கணபதி, பத்து எண்ணித்தான எடுத்த?"

"ஆமா சார்."

"எட்டுச் சங்கிலிதான பேச்சு? எட்டு போட்டாச்சு. கல்ல நடுங்க."

அண்ணன் சங்கரலிங்கம் தம்பியின் தோளைத் தொட்டார். "ஏலே, தண்ணிக்கு என்ன இப்போ? ஒருநாள் விட்டு ஒருநாள் நீ எறச்சுக்கோ. நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"

தம்பி கையைத் தட்டிவிட்டார். "சர்வேயரக் கையில போட்டுக்கிட்டு எனக்குப் பிச்ச போடுதியோ? இனி உன் வாசப்படி மிதிச்சேன்னா என்னன்னு கேளு."

அன்று மாலை கம்பிகளைக் கழுவி வைக்கும்போது எண்ணினேன். ஒன்பது. காலையில் அகலம் அளந்தபோது கடைசிக் கம்பியை வடக்கு வரப்பிலேயே விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்பதில் இரண்டு போனால் ஏழு. கல் ஏழாவது சங்கிலியில் நிற்கிறது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். வரப்பில் சிவப்புத் துணியோடு கம்பி அப்படியே நின்றது. பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கல்லைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. சாரிடம் சொல்லியிருந்தால் அன்றே வந்து கல்லைப் பிடுங்கி மாற்றி நட்டிருப்பார். என்னைத் திட்டக்கூட மாட்டார். ஆனால் ஊர்க்காரர்கள் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, நடந்ததைச் சொல்லச் சொல்வார். அது ஒன்றுக்காகவே வாயை மூடிக்கொண்டேன்.

சில வருடங்களில் சார் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில், சர்வே லேபில் எனக்கு அட்டெண்டர் வேலை கிடைத்தது. சாருடைய வீட்டம்மா அவர் எழுதிய அளவை நோட்டுகளை எல்லாம் என்னிடம் தந்தார்கள். லேபில் ஓர் அலமாரியில் அடுக்கி வைத்தேன். சுந்தரபாண்டியபுரம் நோட்டை மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன்.

ஜெபராணி மேடம் அந்தத் துறைக்கு வந்த பிறகுதான் விளையாட்டு தொடங்கியது. பாடத்தில் முதலில் நில அளவையின் வரலாறு என்று ஒரு பகுதி வரும். பிள்ளைகள் இரண்டு பக்கத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். மின் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் தூரம் வந்துவிடுகிற காலம். அந்தத் தூரத்துக்குப் பின்னால் முன்பு எத்தனை பேர் நடந்தார்கள், எங்கே எல்லாம் தவறினார்கள் என்று தெரியாமல் ஒருவன் என்ஜினியர் ஆகக் கூடாது என்பது மேடத்தின் எண்ணம்.

கல்லூரிக்குப் பின்னால் உள்ள புதர்க்காட்டில் ஆறு கல்லைப் புதைக்கச் சொன்னார். புதைத்தேன். பிள்ளைகள் நான்கு பேர் கொண்ட அணிகளாகப் பிரிவார்கள். ஓர் அணிக்குப் பழைய முறையில் வரைந்த ஒரு வரைபடம், ஒரு சங்கிலி, பத்துக் கம்பி. கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். நடுநடுவே பெட்டியிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் பழைய சர்வேயர்கள் பட்ட ஒரு தொல்லை. 'தேய்ந்த சங்கிலி நீண்டுவிட்டது. எவ்வளவு என்று கண்டுபிடி.' 'நிலத்துக்காரர் உள்ளே விடமாட்டேன் என்கிறார். பேசிப் பார்.' நிலத்துக்காரர் வேடத்தில் வேறு அணிப் பையன்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்கிற அலும்பு தாங்காது.

அணியில் ஒருவர் செயின்மேன், அதாவது சங்கிலி பிடிப்பவர், என்ற சீட்டை எடுப்பார். அவருக்கு ஒரே விதிதான். கேட்காவிட்டால் வாய் திறக்கக் கூடாது, கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். வழி தப்பு என்று தெரிந்தாலும் சர்வேயர் சொல்கிற பக்கம் போய் முள்ளில் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் செயின்மேனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, அதனால் எத்தனை கல் தப்பாக நின்றது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்பார் மேடம்.

ஒரு தடவை ஒரு பையன் அந்தச் சீட்டை எடுத்தான். முத்துச்செல்வி என்ற மாணவி உடனே, "மேடம், இவன் சும்மாவே வாயத் தெறக்கமாட்டான். இவனுக்குப் போயி சீட்ட வேஸ்ட் பண்ணிட்டீங்களே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கணக்குத் தப்பு என்று ஒருவரிடமும் சொல்லமாட்டார். "சரி, அங்கேயே தோண்டுங்க" என்பார். சாரல் நேரத்தில் சேற்றில் முழங்கால் ஆழம் தோண்டிவிட்டு அவர்களாகவே தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அப்போது பக்கத்தில் போய், "அண்ணாச்சிகிட்ட ஏதாவது கேட்டீங்களா?" என்பார். ஐந்தாம் வகுப்பு படித்த என்னை அவர்கள் முன்னால் அவர் அப்படி மதிப்போடு வைத்திருந்தார்.

கடைசி ஆட்டம் உண்மையான நிலத்தில் நடக்கும். வேலாயுதம் சாரின் நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவர் நட்ட கல்லைத் தேடிப் போவோம். வழக்கமாகத் தாளை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஓய்வுக்கு எட்டு வருடம் இருக்கும்போது ஒரு தடவை மேடமே அலமாரியைத் திறந்து, அடியில் கிடந்த நோட்டை எடுத்தார். "சுந்தரபாண்டியபுரம். நல்லதாப் போச்சு, பக்கம்தான்" என்றார்.

நாங்கள் போனபோது அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடந்தது. சுடலைமுத்து வேலி ஓரத்தில் நின்று எங்களை வரவேற்றார். தலை நரைத்திருந்தது. என்னைச் சற்று நேரம் பார்த்தார். "எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். "காலேஜ் அட்டெண்டர்" என்றேன்.

கிணற்றில் அண்ணன் வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சங்கரலிங்கம் அப்போது உயிரோடு இருந்தார். அன்று அவர் நிலத்துக்கு வரவில்லை.

முத்துச்செல்வியின் அணி அளந்தது. வாய்க்கால் கல்லிலிருந்து எட்டாவது சங்கிலியில் போய் நின்றார்கள். கல் இல்லை. மின் கருவியை வைத்துப் பார்த்தார்கள். கல் சரியாக ஏழாவது சங்கிலியில் நின்றது. தாளில் எட்டு என்று எழுதியிருந்தது.

"மேடம், யாரோ ஒரு கம்பிய முழுங்கிட்டான்!" என்று கத்தினாள் முத்துச்செல்வி. பிள்ளைகள் கைதட்டினார்கள். மேடத்துக்கும் சந்தோஷம். "சரியா ஒரு சங்கிலி தப்புன்னா என்ன அர்த்தம்? சங்கிலி நீளலை, சுருங்கலை. எண்ணிக்கை தப்பு. பத்துக்குப் பதிலா ஒன்பதோட கிளம்பியிருக்காங்க" என்றார்.

சுடலைமுத்து கூட்டத்துக்குள் வந்தார். "எண்ணிக்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. எட்டுன்னு எழுதிட்டு ஏழுல நட்டுருக்கான். எங்கண்ணன் சொல்லி நட்டுருக்கான். நான் அன்னைக்கே சொன்னேன். ஊர்ல ஒருத்தன் நம்பலியே."

"ஐயா, தவறுதலாக்கூட நடந்திருக்கலாம்ல?" என்றார் மேடம்.

"தவறுனா அங்கன இங்கன விழணும்லா? சரியா கெணத்துக்கு முன்னால வந்து எப்படிம்மா நிக்கும்?"

மேடம் தாளை மறுபடியும் பார்த்தார். அப்போது முத்துச்செல்வி என்னிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க இந்த சர்வேயர்கிட்டதான வேல பாத்தீங்க? அன்னைக்கு முன்னால போன செயின்மேன் யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுடலைமுத்துவும் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றேன்.

"அண்ணாச்சி, ரூல்ஸ் தெரியும்லா? கேட்டா உண்மையச் சொல்லணும்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். "நான் அன்னைக்கு வரல" என்றேன்.

அந்த ஆட்டத்தில் முத்துச்செல்வியின் அணி ஜெயித்தது. மறுவாரமே மேடம் பெட்டியில் ஒரு புதுச் சீட்டைச் சேர்த்தார். 'உங்கள் செயின்மேன் எண்ணாமல் பத்து என்று சொல்லிவிட்டார். ஒரு சங்கிலி பின்னால் போங்கள்.' அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் அந்தச் சீட்டை எடுத்து உரக்கப் படிப்பார்கள். "யாருப்பா அந்த மகராசன்?" என்று ஒரு சிரிப்பு எழும். நான் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

அன்று நான் சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது. மேடம் என்னைக் கைவிட்டிருக்கவும் மாட்டார். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். அத்தனை முகங்கள் என் பக்கம் திரும்பி நின்றதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். வாயை மூடிக்கொண்டதுகூடப் பழைய பழக்கம் என்று விட்டுவிடலாம். கேட்ட பிறகு பொய் சொன்னேனே, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, குற்றால சீசன் நேரத்தில், தென்காசி பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். சங்கரலிங்கத்தின் படம். கீழே மகன்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள் வரிசையாக இருந்தன. சுடலைமுத்துவின் பெயர் இல்லை. போஸ்டர் மழையில் ஊறிக் கிழியும்வரை தினமும் அந்தச் சுவரைக் கடந்துதான் வேலைக்குப் போனேன்.

மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். விளையாட்டு நின்றது. போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். அந்தப் பெட்டி என் வீட்டுக்கு வந்து, விதிகளை எழுத உட்கார்ந்தபோது, 'கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்' என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. எழுதி முடித்துக் கொடுத்த மறுநாள் சுந்தரபாண்டியபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

சூரியகாந்தி பூத்திருந்தது. படம் எடுக்க வந்தவர்கள் நிலத்துக்குள் இறங்காதபடி சுடலைமுத்து கையில் கம்போடு காவல் நின்றார். "யோவ், பூவுக்கு வெளிய நின்னு எடும்! செடிய ஒடிச்சா ஒட்டவா முடியும்?" என்று ஒருவரை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "காலேஜ் அட்டெண்டர்லா? வாரும்."

வரப்பில் உட்கார்ந்தோம். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பத்திலிருந்து சொன்னேன். எண்ணாததை, ஒன்பதை, மறுநாள் காலையில் வந்து பிடுங்கிப்போன கம்பியை, பிள்ளைகள் முன்னால் சொன்ன பொய்யை.

"அப்போ எங்கண்ணன் ஒண்ணுஞ் செய்யலியா?"

"இல்ல."

"சர்வேயரும்?"

"அவருக்குத் தெரியாது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கம்பை வரப்பில் வைத்தார்.

"எங்கண்ணனத் தூக்கிட்டுப் போகும்போது நான் எங்க இருந்தேன் தெரியுமாவே? குத்தாலத்துல. ஐந்தருவியில தண்ணி நல்லா விழுந்துச்சு. வேணும்னே போயி நின்னேன். ஊரு பாக்கட்டும்னு. குளிச்சு, தலையத் துவட்டி, வடை வாங்கித் தின்னுட்டுத்தான் வந்தேன்."

அவர் ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பிள்ளை உம்மகிட்ட கேட்டுச்சே, அன்னைக்கு எங்கண்ணன் உசுரோட இருந்தான்வே. வீட்டுலதான் இருந்தான். கூப்பிடுத தூரம்."

கிணற்றுப் பக்கம் சங்கரலிங்கத்தின் மூத்த மகன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். சுடலைமுத்து எழுந்து நின்று, "ஏலே குமாரு, இங்கன வா" என்றார். அந்த ஆள் நம்பாமல் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக வந்து, கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றார். அவர் சிறு பையனாக இருந்தபோது பேசியதோடு சரி, அதன்பிறகு சித்தப்பா அவரிடம் பேசியதில்லை.

சுடலைமுத்து என்னைப் பார்த்து, "நீரே சொல்லும்" என்றார்.

இரண்டாவது தடவை சொன்னேன். இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. குமார் முழுவதையும் கேட்டார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சித்தப்பாவிடம்தான் பேசினார்.

"கெணத்த வேணும்னா எடுத்துக்கிடுங்க சித்தப்பா. அப்பாவும் அதத்தான் சொல்லிட்டு இருப்பாவ."

"கெணறு யாருக்குலே வேணும்?" என்றார் சுடலைமுத்து. பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். குமார் கல்லைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் கொஞ்ச நேரம் நின்றேன். இருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.